முட்டுக் கொடுக்கிற ஆள்: ரக்பியில் ‘ப்ராப்’ என்ன செய்கிறார்?

ஏற்காடு ஏறும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எங்கள் ஆம்னி வேன் நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, தூறல் வேறு. பின்னால் வந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. ஒரு லாரி கிளீனர் ஓடிவந்து பின்சக்கரத்துக்குக் கல்லைப் போட்டார். இனி வண்டியை ஓரமாகவாவது தள்ளியாக வேண்டும்.

என் அக்கா மகன் பிரபு இறங்கினான். 104 கிலோ, கல்லூரி கபடி அணியில் ஆடுகிறவன். கை இரண்டையும் நீட்டி, முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்துத் தள்ளினான். வண்டி அசையவில்லை, அவன் செருப்புதான் வழுக்கியது. பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்தார். காப்பி மூட்டை தூக்குகிறவர் என்று பிறகு தெரிந்தது. ஆள் 60 கிலோ தேறமாட்டார். “இப்படி இல்ல தம்பி” என்று சொல்லி இடுப்பை இறக்கினார். பின்கதவில் தோளைப் பதித்தார், முதுகைப் பலகை மாதிரி நேராக்கினார், அடிமேல் அடியாகச் சின்னச் சின்ன எட்டு வைத்தார். நாங்களும் பக்கத்தில் அப்படியே நின்று தள்ளினோம். வண்டி நகர்ந்தது.

ஒண்டிக்கடையில் டீ குடிக்கும்போது பிரபு போனில் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தான். “ஏன் மாமா, இதுல முன்னாடி நிக்கிற குண்டு ஆளுங்க சும்மா எடைக்குத்தானே? ஓடத் தெரியாதவங்கள அங்க போட்டுடுவாங்க போல” என்றான்.

அவன் மட்டும் சொல்வதில்லை. ரக்பி பார்க்கத் தொடங்கும் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான். அந்தக் குண்டு ஆளுக்குப் பெயர் ‘ப்ராப்’. சென்னையில் வேலை பார்த்த நான்கு வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அந்த இடத்தில் ஆடியிருக்கிறேன். பெரிதாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்டக்காரன் இல்லை. ஆனால் அது எடை விஷயம் இல்லை என்று என் கழுத்துக்கு நன்றாகத் தெரியும்.

எந்த ரக்பியைப் பற்றிப் பேசுகிறோம்?

ஹெல்மெட்டும் தோள் கவசமும் மாட்டிக்கொண்டு மோதுவார்களே, அது அமெரிக்கன் ஃபுட்பால். வேறு ஆட்டம். 2025 இல் தொடங்கிய ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வாங்கியதைப் பலர் பார்த்திருப்பார்கள். அது அணிக்கு 7 பேர் ஆடும் வேகமான வடிவம். அதிலும் ப்ராப் உண்டு. ஆனால் அவர் ஓட்டக்காரர். நாம் இங்கே பேசப்போவது அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி யூனியன்.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீள்வட்டப் பந்து, 80 நிமிடம். பந்தைக் கையால் முன்னால் எறியக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ‘ட்ரை’, 5 புள்ளி. எதிரணி பெரிய தவறு செய்தால் ‘பெனால்டி’ கிடைக்கும். அதைக் கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி. 15 பேரில் 8 பேர் ‘ஃபார்வர்டு’, பந்துக்காக மல்லுக்கட்டுகிறவர்கள். மீதி 7 பேர் ‘பேக்’, கிடைத்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்கள். இப்போதைக்கு இது போதும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளி உருக்குகிறவர்கள் ரசிக்கக்கூடிய ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1870களில் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் நடத்திய ரக்பி கிளப் ஒன்று ஆள் குறைந்து கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகம், மூடியின் மேல் யானை. 1879 இலிருந்து இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் ‘கல்கத்தா கோப்பை’க்காகத்தான் மோதுகின்றன. கொலுசு ஆகியிருக்க வேண்டிய வெள்ளி.

ஸ்க்ரம்: பேட்டை வீதியில் இரண்டு மாட்டு வண்டி

ஒருவர் பந்தைக் கைதவறி முன்னால் விட்டுவிட்டால் ஆட்டம் நிற்கும். சின்னத் தவறு, பெனால்டி இல்லை. மறுபடி தொடங்கும் வழிதான் ‘ஸ்க்ரம்’. இரண்டு பக்கமும் 8 ஃபார்வர்டுகள் தோளோடு தோள் பிணைந்து, குனிந்து, எதிரணியின் தோளோடு முட்டிக்கொள்வார்கள். நடுவில் உள்ள சந்தில் பந்தை உருட்டிவிடுவார்கள். பந்துக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போகிற பக்கத்துக்கு ஆட்டம் சாயும்.

முன்வரிசையில் 3 பேர். நடுவில் இருப்பவர் ‘ஹூக்கர்’; பந்தைக் காலால் பின்னுக்கு இழுப்பது அவர் வேலை. அவருக்கு இரு பக்கமும் நிற்கும் இருவர்தான் ப்ராப்கள். 1ஆம் எண் இடப்பக்கம், 3ஆம் எண் வலப்பக்கம். இவர்களுக்குப் பின்னால் ‘லாக்’ என்ற உயரமான இருவர், அவர்களோடு மீதி மூவர். சர்வதேச அணிகளில் இந்த 8 பேரின் எடையைக் கூட்டினால் ஏறத்தாழ 900 கிலோ வரும். எதிரே இன்னொரு 900. இரண்டு மாட்டு வண்டிகள் ஒற்றைச் சந்தில் எதிரெதிரே வந்து, இரண்டுமே பின்வாங்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? நுகத்தடி இருக்கிற இடத்தில் மனிதக் கழுத்து இருக்கிறது, அவ்வளவுதான்.

கயிறு வளையாது, கம்பு வளையும்

பிரபுவுக்கு நான் விளக்கத் தொடங்கியது கயிறு இழுக்கும் போட்டியிலிருந்து. எட்டுப் பேர் ஒரே திசையில் இழுத்தால் கயிறு தானாகவே நேராகிவிடும். யார் எப்படி நின்றாலும் கயிறு தன்னை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். தள்ளும்போது கதையே வேறு. நீளமான மூங்கில் கழியின் ஒரு முனையைச் சுவரில் வைத்து மறுமுனையை நெட்டித் தள்ளிப் பாருங்கள். நேராக இருக்கும் வரை தாங்கும். நடுவில் கொஞ்சம் கோணினாலும் அங்கேயே வளைந்து எகிறும். அப்போது எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவு மோசமாக வளையும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் இதை நேரிலேயே பார்க்கலாம். கான்கிரீட் போடுவதற்கு முன் சென்ட்ரிங் பலகைக்குக் கீழே வரிசையாகச் சவுக்குக் கம்பு நிறுத்துவார்களே, அதற்கு மேஸ்திரிகள் சொல்லும் பெயர் ‘முட்டு’. ப்ராப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் அதே பொருள்தான். இரும்பில் வந்தால் அதை ப்ராப் என்றே நம் ஆட்களும் சொல்கிறார்கள். மேஸ்திரி கம்பைத் தேர்ந்தெடுக்கும்போது பருமனை மட்டும் பார்ப்பதில்லை. கண்ணை இடுக்கி, நேராக இருக்கிறதா என்று நுனியிலிருந்து பார்ப்பார். அடியில் ஆப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்ப்பார்.

ரக்பி ப்ராப்பின் வேலையும் இதேதான். பின்னால் இருக்கும் லாக் தன் தோளை ப்ராப்பின் புட்டத்துக்குக் கீழே வைத்துத் தள்ளுகிறார். அந்தத் தள்ளல் ப்ராப்பின் இடுப்பு வழியாக, முதுகெலும்பு வழியாக, தோளுக்குப் போய் எதிராளியை அடைய வேண்டும். முதுகு நேராக இருந்தால் முழுத் தள்ளலும் போய்ச் சேரும். இடுப்பு கொஞ்சம் மேலே தூக்கினாலோ, முதுகு கூன் விழுந்தாலோ, பின்னால் தள்ளும் தன் அணியின் பலமே அவரைத் தரையில் மடித்துவிடும். எனக்கு நடந்திருக்கிறது. ஒரு ஞாயிறு காலை, கால் கொஞ்சம் பின்னுக்குப் போய்விட்டது. அடுத்த நொடி வாயில் புல். மூன்று நாள் இடப்பக்கம் திரும்பிப் பார்க்க முடியவில்லை. என்னை மடித்தது எதிரணி என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: ஸ்க்ரம் என்பது ஆட்டத்தை மறுபடி தொடங்கும் தள்ளுப் போட்டி. அதில் பின்னால் இருப்பவர்களின் தள்ளல் ப்ராப்பின் முதுகு வழியாகத்தான் எதிரணிக்குப் போகிறது. எடை உதவும், ஆனால் கோணாமல் நிற்கத் தெரியாத எடை சொந்த அணிக்கே ஆபத்து.

‘லூஸ்’ ஒருவர், ‘டைட்’ ஒருவர்

பார்ப்பதற்கு இரண்டு ப்ராப்களும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பார்கள். வேலை ஒன்றல்ல. ஸ்க்ரம்மில் ஒவ்வொருவரும் தலையை எதிராளியின் தலைக்கு இடப்பக்கமாக நுழைப்பார்கள். இதன் விளைவை விரல்களைக் கோத்துப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஓரத்தில் ஒரு விரல் மட்டும் வெளியே சும்மா நிற்கும்.

அப்படி வெளியே நிற்பது 1ஆம் எண்ணின் தலை. அவருக்கு ஒரு தோளில்தான் எதிராளி. தலையின் மறுபக்கம் காற்று. அதனால் அவர் ‘லூஸ்ஹெட்’. நம்மூரில் ‘லூசு’ என்று திட்டுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இதைக் கேட்டு பிரபு டீயைச் சிந்திவிட்டான். 3ஆம் எண்ணின் தலையோ எதிரணியின் ப்ராப்புக்கும் ஹூக்கருக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். இரண்டு தோளிலும் ஆள். அவர் ‘டைட்ஹெட்’.

லூஸ்ஹெட்டுக்குக் கொஞ்சம் அசைய இடமிருக்கிறது. அதனால் அவர் எதிரே உள்ள டைட்ஹெட்டின் நெஞ்சுக்குக் கீழே புகுந்து மேலே நெம்பப் பார்ப்பார், கடப்பாரையால் பாறையை நெம்புகிற மாதிரி. டைட்ஹெட்டின் வேலை நெம்ப விடாமல் உட்கார்ந்துவிடுவது. தேர் வரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வடம் பிடிக்கிறவர்களைத்தான் ஊரே பார்க்கும். ஆனால் தேர் திரும்புவதும் நிற்பதும் கட்டை போடுகிறவர் கையில் இருக்கிறது. கட்டை வழுக்கினால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று தெரியாது. டைட்ஹெட் அந்தக் கட்டை. “அணியில் முதலில் டைட்ஹெட்டைத் தேர்ந்தெடு, அடுத்து மாற்று டைட்ஹெட்டைத் தேர்ந்தெடு” என்று ரக்பிக்காரர்களிடம் ஒரு பழைய கேலி உண்டு. பாதிதான் கேலி.

இரண்டு பக்கமும் ஆடத் தெரிந்தவர்கள் குறைவு. வலக்கை எழுத்தாளர் இடக்கையால் எழுதுகிற மாதிரி. கால் வைக்கும் இடம், கழுத்து தாங்கும் பக்கம், கை பிடிக்கும் இடம் எல்லாம் மாறிவிடும்.

பிடிதான் பாதி ஆட்டம்

நடுவர் மூன்று சொல் சொல்வார். ‘க்ரவுச்’ என்றால் குனிய வேண்டும். ‘பைண்ட்’ என்றால் எதிரே உள்ள ப்ராப்பின் சட்டையை முதுகிலோ விலாப்பக்கத்திலோ பிடிக்க வேண்டும். ‘செட்’ என்றதும் தோள்கள் பூட்டிக்கொள்ளும். 2013 இல்தான் இந்த முறை வந்தது. அதற்கு முன்பு சட்டையைப் பிடிக்காமல், இடைவெளி விட்டு நின்று, இரண்டு பக்கமும் பாய்ந்து மோதுவார்கள். பிடித்த பிறகு முட்டும் முறை வந்ததும் மோதும் வேகத்தின் விசை சுமார் 25 சதவீதம் குறைந்தது. கழுத்துகள் பிழைத்தன.

தோள் இடுப்பைவிடக் கீழே போகக் கூடாது, உள்பக்கமாகச் சாய்ந்து தள்ளக் கூடாது, வேண்டுமென்றே விழக் கூடாது. மீறினால் பெனால்டி. இங்கேதான் ரசிகர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஸ்க்ரம் சரிந்தால் யார் சரித்தது? எதிராளி கீழே இழுத்தாரா, இவர் தாங்க முடியாமல் விழுந்தாரா? பல நேரம் நடுவர் ஊகித்துத்தான் சொல்கிறார் என்பது என் எண்ணம். மூன்றடி தூரத்தில் நின்று ஆடிய எனக்கே புரிந்ததில்லை. ஆனால் ஒன்று உண்டு. தொடர்ந்து பின்னுக்குப் போகிற பக்கத்தின் மேல்தான் நடுவரின் சந்தேகம் விழும். அதனால் நன்றாகத் தள்ளும் ப்ராப் பந்தைத் தொடாமலே அணிக்கு 3 புள்ளி வாங்கித் தருவார்.

பயிற்சி இல்லாதவர் இந்த இடத்தில் நின்றால் கழுத்து முறியலாம். அதனால் விதியே கடுமையானது. சர்வதேச ஆட்டத்தில் 23 பேர் கொண்ட அணியின் 8 மாற்று ஆட்டக்காரர்களில் முன்வரிசைப் பயிற்சி பெற்ற மூவர் இருந்தாக வேண்டும். காயத்தால் தகுந்த ஆள் தீர்ந்துபோனால் தள்ளாத ஸ்க்ரம்தான். சும்மா முட்டிக்கொண்டு நிற்பார்கள். 19 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளவே கூடாது.

மீண்டும் சுருக்கமாக: 1ஆம் எண் நெம்புகிறவர், 3ஆம் எண் அசையாமல் பிடிக்கிறவர். இருவரும் வெளியே தெரியாமல் பெனால்டி வாங்கித் தருவார்கள் அல்லது கொடுத்துத் தொலைப்பார்கள். தேர்ந்த ஆட்கள் எப்போதும் தட்டுப்பாடு.

வாழ்க்கை எப்படிப் போகும்?

ஓட்டக்காரர்கள் 20 வயதில் மின்னிவிடுவார்கள். ப்ராப் அப்படி இல்லை. பலர் சிறு வயதில் வேறு இடத்தில் ஆடி, உடம்பு போட்ட பிறகு முன்வரிசைக்கு வருகிறவர்கள். வந்ததும் முதல் இரண்டு மூன்று வருடம் மூத்தவர்களிடம் உதைபடுவார்கள். ஜிம்மில் 200 கிலோ தூக்குகிற பையனை 33 வயது ஆள் ஒரு சின்னத் தோள் திருப்பலில் தரையில் உட்காரவைப்பார். இதைப் புத்தகத்தில் படிக்க முடியாது. நூற்றுக்கணக்கான ஸ்க்ரம்மில் வெவ்வேறு உடம்புகளை முட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் 20களின் பின்பாதியில் தொடங்கி 30களிலும் அவர்கள் உச்சத்தில் இருக்கிறார்கள்.

நாட்டுக்காக ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ‘கேப்’ என்று கணக்கு. அந்தக் காலத்தில் உண்மையிலேயே தொப்பி கொடுத்ததால் வந்த பெயர். கடைசி 20 நிமிடம் மாற்று ஆளாக இறங்கினாலும் அது ஒரு கேப்தான். இப்போதெல்லாம் தொடக்க ப்ராப்கள் 50, 60 நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். மாற்று ஆளாக இருப்பது அவமானம் இல்லை, அது ஒரு தனி உத்தியோகம்.

ஸ்க்ரம் ஒரு ஆட்டத்தில் சில முறைதான் வரும். மீதி நேரமெல்லாம் ப்ராப் பந்தோடு நேராக மோதுகிறார், எதிராளியை மடக்குகிறார், விழுந்த பந்தின் மேல் காவல் நிற்கிறார். பந்து மைதானத்துக்கு வெளியே போய் மறுபடி உள்ளே எறியப்படும்போது, 110 கிலோவுக்கு மேல் இருக்கும் லாக்கைத் தொடையைப் பிடித்து அந்தரத்தில் தூக்குவதும் பெரும்பாலும் இவர்தான். 115, 120 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்ய வேண்டும். குண்டாக இருந்தால் போதும் என்பவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கட்டும்.

இதற்கு உடம்பு கொடுக்கும் விலை கழுத்திலும் தோளிலும் கீழ்முதுகிலும் தெரியும். இங்கிலாந்தின் ஜேசன் லெனர்டை எடுத்துக்கொள்ளுங்கள். தச்சு வேலை பார்த்தவர். ரக்பி சம்பளத் தொழிலானது 1995 இல்தான். இவர் 1990 இலேயே நாட்டுக்காக ஆட வந்துவிட்டார். 1992 இல் கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு சிதைந்தது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்துக் கழுத்தில் வைத்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு கதை முடிந்திருக்கும். இவர் 2004 வரை, இரண்டு பக்கமும் ஆடி, இங்கிலாந்துக்காக 114 கேப் வாங்கினார்.

அவருடைய நல்ல நேரம் 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், சிட்னியில். ஆஸ்திரேலியாவை ஸ்க்ரம்மில் நன்றாகத் தள்ளியும் இங்கிலாந்து மேலேயே பெனால்டி விழுந்துகொண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் விழுந்த அப்படியொரு பெனால்டியால் ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. அப்போது 35 வயது லெனர்டை இறக்கினார்கள். அவர் எதிராளியை நசுக்கப் பார்க்கவில்லை. ஸ்க்ரம்மை நேராக, அமைதியாக நிறுத்திக்கொடுத்தார். அதன் பிறகு ஸ்க்ரம்மில் பெனால்டி விழவில்லை. 20–17 என்று இங்கிலாந்து வென்றது. ஊர் உலகம் நினைவில் வைத்திருப்பது ஜானி வில்கின்சனின் கடைசி உதையை; அதுவும் நியாயம்தான்.

இதற்கு நேர் எதிர், தென்னாப்பிரிக்காவின் டெண்டாய் மட்டவாரிரா. பட்டப்பெயர் ‘பீஸ்ட்’, மிருகம். ஜிம்பாப்வேயில் பிறந்தவர், ஸ்க்ரம்மின் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவரை ப்ராப்பாக மாற்றினார்கள். 2019 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சிங்க்ளர் 3ஆவது நிமிடத்திலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். மாற்று ஆளான டேன் கோல் கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. லூஸ்ஹெட்டாக எதிரே நின்றவர் மட்டவாரிரா. இங்கிலாந்தின் ஸ்க்ரம் திரும்பத் திரும்பப் பின்னுக்குப் போனது, பெனால்டிகள் குவிந்தன. தென்னாப்பிரிக்கா 32–12 என்று வென்றது. மட்டவாரிரா 117 கேப்களோடு அந்த ஆட்டத்தோடு விடைபெற்றார்.

நியூசிலாந்தின் ஓவன் ஃப்ராங்க்ஸ் 108 சர்வதேச ஆட்டங்கள் ஆடினார். ஒரு ட்ரை கூட இல்லை. 108 ஆட்டம் ஆடிய கிரிக்கெட் வீரரின் கணக்கில் இப்படி ஒரு பூஜ்யம் இருந்தால் நம் ஊர் டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நியூசிலாந்தில் அவர் இரண்டு உலகக் கோப்பை வென்ற, மரியாதைக்குரிய ஆள்.

எங்கே பார்ப்பது?

பிரபுவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்க்ரம் வரும்போது பந்தைத் தேடாதீர்கள். 3ஆம் எண்ணின் இடுப்பைப் பாருங்கள். தோளும் இடுப்பும் ஒரே மட்டத்தில், முழங்கால் மடங்கி, கால் சின்ன எட்டாக நகர்ந்தால் அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இடுப்பு மட்டும் மேலே கிளம்பினால் இன்னும் இரண்டு நொடியில் சரிவு. அப்புறம் 1ஆம் எண்ணின் இடது முழங்கையைப் பாருங்கள். அது வானத்தைப் பார்த்து நின்றால் நல்லது. தரையைப் பார்த்துத் திரும்பினால் எதிராளியைக் கீழே இழுக்கிறார், விசில் வரப்போகிறது.

டீக்கடையில் இதைச் சொல்லிவிட்டு, 2019 இறுதி ஆட்டத்தின் ஒரு ஸ்க்ரம்மை அவன் போனில் மூன்று முறை ஓடவிட்டோம். மூன்றாவது முறை விசிலுக்கு முன்பே “போச்சு, இடுப்பு தூக்கிடுச்சு” என்றான். திரும்பி இறங்கும்போது வேன் மறுபடி மக்கர் செய்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனாகவே இறங்கி, செருப்பைக் கழற்றி உள்ளே போட்டுவிட்டு, பின்கதவில் தோளை வைத்தான்.